ஏழாம் எண் நோயாளியின் வாக்குமூலம்

உன் நோட்டுப் புத்தகத்தின் ஏழாம் எண் நோயாளி மட்டாஞ்சேரியிலிருந்து எழுதிக்கொள்வது. நின்றுகொண்டு படிக்காதே, உட்கார். கையில் கண்ணாடிச் சாமான் ஏதாவது இருந்தால் முதலில் அதைக் கீழே வை.

களமசேரி காலேஜிலிருந்து நீ எழுதிய கடிதம் திங்கட்கிழமை வந்தது. ‘அப்பா, உங்கள் ரத்தத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது’ என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாய். பத்தாம் கிளாஸ் பரீட்சையில்கூட நீ இத்தனை அழுத்திக் கோடு போட்டதில்லை. ஓணத்துக்கு வந்தபோது என் கையில் குத்தி எடுத்துக்கொண்டு போனாயே, அந்த ரத்தத்தைப் பற்றித்தான் நாலு பக்கம். ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருகிற ஹீமோகுளோபினில் சர்க்கரை போய் ஒட்டிக்கொள்ளும், அந்தச் சிவப்பணு சாகிறவரைக்கும், அதாவது மூன்று நாலு மாசத்துக்கு, ஒட்டினது ஒட்டினதுதான், ஆகையால் சோதனைக்கு முந்தின நாள் பட்டினி கிடந்து யாரும் டாக்டரை ஏமாற்ற முடியாது என்று விளக்கியிருந்தாய். இதை யாரும் தேடிப் போய்க் கண்டுபிடிக்கவில்லை, வேறு எதற்கோ ரத்தத்தைப் பிரித்துப் பார்த்தவர்கள், சர்க்கரை நோயாளிகளுக்கு மட்டும் சோதனைத் தட்டில் விழுகிற ஒரு கோடு தடித்திருப்பதைக் கவனித்துத்தான் பிடித்தார்கள் என்றும் எழுதியிருந்தாய். நான் இரண்டு தரம் படித்தேன். நன்றாகப் புரிந்தது. புரிந்ததுதான் சங்கடம்.

ஏனென்றால் அதற்கடுத்த பக்கத்தில் நான் வருகிறேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மூத்திரத்தில் செங்கல் நிறத்துக்குச் சர்க்கரை காட்டிய மனிதர், மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது, கல்யாண வீட்டில் பிரதமன் பாயசத்தை இரண்டு தரம் கேட்டு வாங்கிக் குடிக்கிறார், ஆனாலும் ரத்தத்தில் அந்த ஒட்டின சர்க்கரை ஒரு சின்னப் பையனுக்கு இருக்கிற அளவுதான். ஆகவே இவர் ரத்தத்தில் நோயைத் தடுக்கிற ஏதோ ஒரு பொருள் காவல் இருக்கிறது, அதைக் கண்டுபிடித்தால் நோய் வருவதற்கு முன்பே யாருக்கு வரும், யாருக்கு வராது என்று சொல்லிவிடலாம். அடுத்த மாசம் சென்னையில் பெரிய டாக்டர்கள் முன்னால் நின்று ஏழாம் எண்ணைப் பற்றி நீ பேசப்போகிறாய். உன் அம்மா கடிதத்தைப் படித்துவிட்டு சுவாமிக்கு விளக்கேற்றினாள். பிறகு மூன்று வீட்டில் போய்ச் சொன்னாள். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சும்மா நின்றேன்.

ஏழாம் எண்ணுக்குச் சர்க்கரை நோய் ஒரு நாளும் இருந்ததில்லையடா, கண்ணா. அந்தச் செங்கல் நிறம் என்னுடையதில்லை.

மனசு பதைக்கிறதா? பதைக்கட்டும். நீ சென்னைக்குப் போய் ஊர் சிரிக்க நிற்பதற்குப் பதில், இங்கே உன் அப்பன் மட்டும் சிரிப்புக்கு இடமாகட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். முழுக்கதையையும் சொல்லிவிடுகிறேன். இதில் உனக்கும் ஒரு பங்கு இருக்கிறது, அதனால் ரொம்ப முறைக்காதே.

எறும்பில் ஆரம்பித்தது. உனக்கு அப்போது பத்து வயசு. நான் பஜாரில் மிளகு கோடவுனில் சாம்பிள் எடுக்கிற வேலை பார்த்துவந்தேன். மிளகுத் தூசியில் நாள் முழுக்க நிற்கிறவனுக்குத் தொண்டை வறளும், வீட்டுக்கு வந்ததும் கூஜாத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பேன். குடித்தால் போகவும் வேண்டுமல்லவா? உன் அம்மா இரண்டையும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு நாள் காலையில் குளியலறையிலிருந்து குரல் வந்தது. “ஏன்னா, இங்க வந்து பாருங்கோ. எறும்பு வரிசையா போறது. என்னத்துக்காக்கும் போறது? உங்க அப்பாவுக்கு வந்த மாதிரிதான் இதுவும்.” என் அப்பா சர்க்கரையில்தான் போனார். முதலில் ஒரு கால் போயிற்று, பிறகு கண், பிறகு அவர். அவர் கால் புண்ணுக்குக் கட்டு மாற்றினவன் நான். அந்த வாடை எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. அதனால் எறும்பைப் பார்த்ததும் எனக்கு வந்தது பயம்தான், வேறொன்றுமில்லை. “நாளைக்குக் கார்த்தால சீசாவோட ரோஸி லேபுக்குப் போறேள், சொல்லிட்டேன்” என்றாள். சொல்லிவிட்டால் சொன்னதுதான், உனக்குத் தெரியாததா?

எறும்பு வந்த காரணம் எனக்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு நாள் நீ சர்க்கரை போட்ட பாலை டம்ளரோடு குளியலறைக்கு எடுத்துப் போய் மூலையில் ஊற்றிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து “குடிச்சாச்சு” என்று அம்மாவிடம் சொன்னதைக் கண்ணால் பார்த்தேன். எத்தனை நாளாக நடந்ததோ அந்தக் கைங்கரியம்! அன்றைக்கு நான் உன்னை அடிக்கவில்லை. அடிக்க எனக்கு முகம் இருக்கவில்லை, அதற்குள் என் திருட்டு உன் திருட்டை விடப் பெரிதாகிவிட்டது. எறும்பு பொய் சொல்லவில்லை, பார்த்தாயா? சர்க்கரை இருக்கிறது என்றுதான் அது சொன்னது. யாருடைய சர்க்கரை என்று நாங்கள்தான் கேட்கவில்லை.

இப்போது என் தொழிலைப் பற்றி இரண்டு வார்த்தை. நீ ‘நோயின் அடையாளம்’ என்று பக்கம் பக்கமாக எழுதுகிறாயே, அது எனக்குப் புதிய பேச்சில்லை. நூறு மூட்டை மிளகு வந்து இறங்கினால் ஒவ்வொரு மணியையும் உடைத்துப் பார்க்க முடியுமா? குத்தூசியை மூட்டையின் வாயில், நடுவில், அடியில் என்று செருகி ஒரு கை எடுப்போம். உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்போம், தண்ணீரில் போட்டு எத்தனை மிதக்கிறது என்று பார்ப்போம், பல்லில் கடித்து ஈரம் பார்ப்போம். மிதக்கிற மணி சொத்தை என்று யாரோ ஒருவர் ஒரு நாளில் கண்டுபிடித்ததல்ல அது. கப்பலில் போய்ப் பூசணம் பிடித்துத் திரும்பிய சரக்கையும், நல்லபடி போய்ச் சேர்ந்த சரக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து, எது இதில் இருக்கிறது, அதில் இல்லை என்று கவனித்தவர்கள் பிடித்த சங்கதி. நீ நோயாளி ரத்தத்தையும் நோயில்லாதவர் ரத்தத்தையும் வைத்துக்கொண்டு அதைத்தான் செய்கிறாய். ஒரு தடவை பொருந்தினால் போதாது, வேறு வருஷத்து மிளகில், வேறு ஊர் மிளகில் பொருந்துகிறதா என்றும் பார்த்த பிறகுதான் எங்கள் பெரியவர்கள் ஒரு அடையாளத்தை நம்புவார்கள். சாம்பிள் எடுத்த கையோடு சீட்டு எழுதிப் பைக்குள் போடவேண்டும், சாயா குடித்துவிட்டு வந்து எழுதலாம் என்று போனால் ஆள் தொலைந்தான். முப்பது வருஷத்தில் ஒரு சீட்டு நான் மாற்றி எழுதியதில்லை. மூட்டை வாயில் மட்டும் நல்ல மிளகைப் போட்டு மூடிக் கொண்டுவருகிற ஆசாமிகளை எத்தனை தரம் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன்!

அப்பேர்ப்பட்டவன், என் சொந்த மூத்திரம் என்று வந்ததும் என்ன செய்தேன் தெரியுமா? நல்ல சரக்காகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். மறுநாள் காலை கழுவின இருமல் மருந்துச் சீசாவோடு கோடவுனுக்குப் போய், மூட்டை தூக்குகிறவர்களை ஒவ்வொருவராக நோட்டம் விட்டேன். ஒருவன் இருமுகிறான், ஒருவன் ஒல்லி, ஒருவன் முந்தின நாள் கள்ளு வாடை மாறாமல் இருந்தான். ஹம்ஸா மட்டும் இரண்டு மூட்டையை ஒன்றாக முதுகில் ஏற்றிக்கொண்டு சிரித்துக்கொண்டே போனான். ஆமாம், படகு ஜெட்டி முக்கில் பெட்டிக்கடை வைத்திருக்கிறானே, உனக்கு நாரங்கா மிட்டாய் கொடுப்பானே, அதே ஹம்ஸாதான். அப்போது அவனுக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும். தேக்கு மாதிரி உடம்பு. ஏ கிரேடு என்று முடிவு பண்ணி, ஓரமாகக் கூப்பிட்டு, கம்பெனிக்கு வேண்டும் என்று சொல்லிச் சீசாவை நீட்டினேன்.

“கம்பெனிக்கு எண்டே மூத்திரம் எந்தினா சாமி?” என்றான். எதற்கு என்று அவன் கேட்டது நியாயம்தானே? அந்த நேரத்தில் என் நாக்கில் என்ன பிசாசு ஏறியதோ, “இந்தப் பஜாரிலேயே நம்பர் ஒன் ஆரோக்கியசாலி யாருன்னு கம்பெனி பார்க்கறது, நான் உன் பேரைக் கொடுத்திருக்கேன்” என்று சொன்னேன். அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டுமே! கழுத்துவரை நிரப்பிக் கொண்டுவந்தான். “போதுமா? இன்னியும் உண்டு” என்றான். நான் சீசாவில் என் பெயரை எழுதி ஒட்டினேன். சீட்டு மாற்றி எழுதாதவன் என்று இப்போதுதானே பெருமை அடித்துக்கொண்டேன்? அந்த ஒரு சீட்டைத் தவிர என்று திருத்திப் படித்துக்கொள்.

ரோஸி சேச்சியின் லேப் அந்தக் காலத்தில் ஒரு மேஜை, ஒரு ஸ்பிரிட் விளக்கு, ஒரு பெஞ்சு, அவ்வளவுதான். அவள் கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை விட்டு, அதில் எட்டுச் சொட்டு நம் சரக்கைச் சேர்த்து, விளக்கில் காட்டுவாள். சர்க்கரை இல்லையானால் நீலம் நீலமாகவே இருக்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, பிறகு மஞ்சள், பிறகு ஆரஞ்சு, ரொம்ப முற்றினால் செங்கல். நான் கால்மேல் கால் போட்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஹம்ஸாவின் மூத்திரமல்லவா, என்ன கவலை? குழாய் பச்சையாயிற்று, நிற்கவில்லை. மஞ்சளாயிற்று, அதிலும் நிற்கவில்லை. கடைசியில் ரோஸி குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பஜாருக்கே கேட்கிற மாதிரி, “எண்டெ ஈசோயே! சாமி, இது செங்கல்லு! ஒரு வீடு கட்டாம்!” என்றாள். கால் தானாகக் கீழே இறங்கிவிட்டது.

அன்றைக்கு ராத்திரியிலிருந்து எனக்குப் பாவக்காய். பாவக்காய் வறுவல், பாவக்காய் பிட்லை, பாவக்காய் ரசம், வெறும் வயிற்றில் பாவக்காய்ச் சாறு. என் சாயாவிலிருந்து சர்க்கரை போயிற்று. ஓணத்துக்கு எல்லாருக்கும் இலையில் பாலடைப் பிரதமன், எனக்கு அந்த இடத்தில் ஒரு கரண்டி பாவக்காய். என் பங்குப் பிரதமனையும் நீதான் குடித்தாய், குடித்துவிட்டு என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினாய். மாத்திரை எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்று ரோஸி சொன்னதற்கு உன் அம்மா, “நாப்பத்தோரு நாள் எங்கிட்ட விடுங்கோ” என்று சொல்லிவிட்டாள். ஒருத்தன் வியாதிக்கு இன்னொருத்தன் பத்தியம் இருந்ததை நீ எங்கேயாவது படித்திருக்கிறாயா? நான் இருந்தேன்.

இதுவரைக்கும் சிரித்திருப்பாய். இனி நான் சொல்லப்போவதில் சிரிப்பு குறைவு. வீட்டுக்கு வந்ததும் எனக்கு முதலில் தோன்றியது, ‘ஐயோ, ஹம்ஸாவுக்கா?’ என்றுதான். அடுத்த நிமிஷம் ஒரு சௌகரியமான காரணம் கிடைத்தது. அது இருமல் மருந்துச் சீசா. இருமல் மருந்து தித்திப்பு. சரியாகக் கழுவியிருக்கமாட்டேன், அந்தத் தித்திப்புதான் செங்கல்லாயிற்று, ஹம்ஸாவுக்கு ஒன்றுமில்லை. என்ன அழகான காரணம் பார்! அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மாசத்துக்கு மேல் ஓட்டினேன். வேறொரு சீசாவில் மறுபடி பார்த்திருந்தால் பத்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. பார்த்தால் உன் அம்மாவுக்குத் திருட்டு தெரிந்துவிடும் என்பது ஒன்று. பார்த்து உண்மையாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்பது இன்னொன்று. உன் வேலையில் ஒரு ரிசல்ட் பிடிக்காதபோது ஒரு சௌகரியமான காரணம் வந்து உன் தோளில் கை போடும். வந்தால் அதை உட்காரச் சொல்லாதே, எழுந்து போய்ச் சோதனையை மறுபடி செய்.

இதற்கிடையில் ஹம்ஸா தினம் காலையில் கேட்பான். “சாமியே, ரிசல்ட்டு எந்தாயி?” முதல் நாள், “வரும்” என்றேன். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவன் விடவில்லை. “ஃபஸ்ட் கிளாஸ்” என்று சொன்னேன். அவன் அதைச் சாயக்கடையில் போய்ச் சொல்லி, அதற்குச் சந்தோஷமாக எல்லாருக்கும் நேந்திரம்பழத்தில் பொரித்த பழப்பொரி வாங்கிக் கொடுத்து, தானும் நாலு தின்றான். ஃபஸ்ட் கிளாஸ் ஹம்ஸா என்றே பஜாரில் அவனுக்குப் பெயராகிவிட்டது. அவன் பானையிலிருந்து செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பதை நான் பார்த்தேன். வேட்டி இடுப்பில் நிற்காமல் இழுத்து இழுத்துக் கட்டுவதையும் பார்த்தேன். ஒரு நாள் பெட்டி ஆணி காலில் குத்தி, துணி சுற்றிக்கொண்டு வந்தான். அடுத்த வாரமும் அதே துணி. என் அப்பாவின் கட்டு மாற்றியவன் நான், எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? ஆனாலும் இருமல் மருந்து, இருமல் மருந்து என்று மனசுக்குள் ஜபித்துக்கொண்டு குத்தூசியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவேன். இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. கூசட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நாற்பத்தோராவது நாள் வந்தது. உன் அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு லேபுக்கு என்னோடு கிளம்பிவிட்டாள். ஹம்ஸாவிடம் மறுபடி கேட்க எனக்குத் தைரியமில்லை, அதனால் முதன்முதலாக என்னுடையதையே பிடித்தேன். அவசரத்தில் கையில் கிடைத்தது அப்போதுதான் காலியான இன்னொரு இருமல் மருந்துச் சீசா. அதே மருந்து, அதே தண்ணீரில் அதே மாதிரி அரைகுறைக் கழுவல். ரோஸி குழாயை விளக்கில் காட்டினாள். நீலம். காட்டினாள், காட்டினாள், நீலம் நீலமாகவே நின்றது. “மாதாவே!” என்று ரோஸி சிலுவை போட்டுக்கொண்டாள். உன் அம்மா அங்கேயே கையைக் கூப்பி, “என் பாவக்கா காப்பாத்திடுத்து!” என்று அழுதுவிட்டாள். பெஞ்சில் காத்திருந்த இரண்டு அம்மாக்கள் அப்போதே செய்முறை கேட்டு எழுதிக்கொண்டார்கள். பிறகு அவர்கள் வீட்டு ஆம்பிளைகளை வழியில் நிறுத்தி, பாவக்காய் தின்னுங்கள், ஆனால் டாக்டர் கொடுத்த மாத்திரையை விட்டுவிடாதீர்கள் என்று ரகசியமாகக் கெஞ்சிக்கொண்டு அலைந்தவன் நான்.

அந்த நீலத்தைப் பார்த்து எல்லாரும் குதிக்கிறார்கள், எனக்கு மட்டும் வியர்த்துக் கொட்டுகிறது. ஏன் என்று உனக்கு இதற்குள் புரிந்திருக்கும். சீசாவில் ஒட்டியிருந்த இருமல் மருந்துதான் காரணம் என்றால் இன்றைக்கும் சிவந்திருக்கவேண்டும். சிவக்கவில்லை. அப்படியானால் அன்றைக்குச் சிவந்தது மருந்தால் இல்லை. உங்கள் காலேஜில் இதற்கு என்னவோ பெயர் சொல்வீர்கள், நான் தெரியாத்தனமாக அதைச் செய்து முடித்திருந்தேன். உன் அம்மாவைக் கோயில் வாசலில் தேங்காயோடு விட்டுவிட்டு நேரே கோடவுனுக்கு ஓடினேன். ஹம்ஸா இரண்டு நாளாக வேலைக்கு வரவில்லை என்றார்கள்.

அவன் வீட்டுக்குள் நுழைந்ததும் அந்த வாடை அடித்தது. என் அப்பாவின் அறையில் இருந்த அதே வாடை. ஹம்ஸா பாயில் படுத்திருந்தான், இடது கால் வீங்கிக் கறுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தான். “கம்பெனியிலிருந்து ஆளு அனுப்பினாங்களா சாமி?” என்றான். நான் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். எறும்பு, சீசா, செங்கல், நீலம், ஒன்று விடாமல். அவன் அடிப்பான் என்று நினைத்தேன், அடித்தால் வாங்கிக்கொள்வது என்று தீர்மானித்துத்தான் போயிருந்தேன். அவன் அடிக்கவில்லை. “அப்போ, ஃபஸ்ட் கிளாஸ்னு சொன்னது?” என்று கேட்டான். “பொய்” என்றேன். “படச்சோனே” என்று கடவுளை மட்டும் கூப்பிட்டான்.

அன்றைக்கே அவனைக் கைவண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே டாக்டர் நல்ல மனிதர், காலைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார். இரண்டு விரலை மட்டும் எடுக்கவேண்டியதாயிற்று. “ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா இதுவும் வேண்டியிருக்காது” என்று அவர் என்னிடம்தான் சொன்னார், நான் யார் என்று தெரியாமல். அதற்குப் பிறகு ஹம்ஸாவால் மூட்டை தூக்க முடியவில்லை. ஜெட்டி முக்கில் கடை போட்டான். பன்னிரண்டு வருஷமாக பாட்டில் பாட்டிலாக மிட்டாய் விற்கிறான், ஒன்றை எடுத்து வாயில் போட்டுப் பார்த்ததில்லை. வேளை தவறாமல் மாத்திரை, காலையும் மாலையும் வைப்பின் தீவுக்குப் படகு போகிற ஜெட்டிவரை நடை. மாசம் ஒரு நாள் ரோஸியிடம் சோதனை. அதற்கு நானும் கூடப் போகவேண்டும், இது அவன் எனக்கு விதித்த தண்டனை. பெஞ்சில் உட்கார வைத்து, “சாமி, சீசாவில் எழுதின பேரை உறக்கெ வாயிச்சுக் காட்டு” என்பான். நான் சத்தமாகப் படிப்பேன், ரோஸி சிரிப்பாள். உன் அம்மாவிடம் மட்டும் அவன் சொல்லவில்லை. “அது உங்க வீட்டுத் தலைவலி” என்று விட்டுவிட்டான். அவள் அவனுக்குப் பாவக்காய் வறுவல் கொடுத்தனுப்பும்போதெல்லாம் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பான், அந்தச் சிரிப்பு பாவக்காயை விடக் கசக்கும்.

சரி, அந்தத் தலைவலியையும் இந்த வாரம் தீர்த்தாயிற்று. உன் கடிதம் வந்த மறுநாள் உன் அம்மாவை உட்கார வைத்துச் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இரண்டாம் நாள் ஹம்ஸாவைக் கூப்பிட்டு அனுப்பி, “நீயுமாடா கூட்டு?” என்று அவனைத் திட்டித் தீர்த்தாள், திட்டும்போதே அவன் காலைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் சாப்பாட்டில் வழக்கம்போல் பாவக்காய் விழுந்தது. இனி என்னத்துக்கு என்று கேட்டேன். “பன்னண்டு வருஷமா ஆரு இதைத் தின்னது? நீங்க. உங்க அப்பாவுக்கு வந்த வியாதி உங்களுக்கு வந்துதோ? வரலை. அப்போ இதுதானே வரவிடாம பண்ணித்து? உங்க பிள்ளைக்கு எழுதுங்கோ” என்றாள். எழுதிவிட்டேன். இதற்கு உன் படிப்பில் பதில் இருந்தால் அவளுக்கு நீயே நேரில் வந்து சொல். எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

நீ என்ன செய்யவேண்டும் என்று சொல்கிறேன். ஏழாம் எண்ணில் என் பெயரை அடித்துவிடு. அழிக்காதே, படிக்கிற மாதிரி அடி, ஏன் அடித்தாய் என்று பக்கத்திலேயே எழுது. உன் பேராசிரியரிடம் போய், எங்கப்பா செய்த கூத்து இது என்று சொல். அவர் திட்டினால் வாங்கிக்கொள், சிரித்தால் கூடச் சேர்ந்து சிரி. உன் ஒரு வருஷத்து வேலை வீணாயிற்றே என்று என் மேல் கோபம் வரும், வரட்டும், அது எனக்குச் சேரவேண்டியதுதான். ஆனால் உனக்கு ஒன்று கைவசம் வருகிறது, யோசித்துப் பார். நிஜமாகவே செங்கல் நிறம் காட்டி, பன்னிரண்டு வருஷம் நோயைக் கட்டிப்போட்டு வைத்திருக்கிற ஒரு மனிதன் ஜெட்டி முக்கில் உட்கார்ந்து மிட்டாய் விற்றுக்கொண்டிருக்கிறான். ரோஸி எழுதிக் கொடுத்த சீட்டுகளை எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கி வைத்திருக்கிறான். உனக்கு வேண்டியது அவன் ரத்தம், என்னுடையது இல்லை.

நேற்று அவனிடம் போய் இதைக் கேட்டேன். சீசா கொண்டுவரட்டுமா என்றுகூடக் கேட்டுவிட்டேன், பழக்கதோஷம். “சாமி சீசாவைத் தொட வேண்டா. வியாழக்கிழமை கடையை அடைச்சிட்டு ஞான் தன்னெ களமசேரிக்குப் போறேன். ரத்தம் அவன் எடுக்கட்டும், பேரு அவன் எழுதட்டும்” என்றான். சரி என்று நான் கிளம்பினபோது, பின்னாலிருந்து கூப்பிட்டான். “பின்னெ ஒண்ணு. ரிசல்ட்டு எந்தானாலும் அவன் எண்டெ முகத்தைப் பார்த்துச் சொல்லணும். நல்லதோ கெட்டதோ, உள்ளது சொல்லட்டும். ஃபஸ்ட் கிளாஸ்னு மாத்திரம் சொல்ல வேண்டான்னு எழுது.”

வருகிற வியாழக்கிழமை பத்து மணிக்கு மேல் பஸ் ஸ்டாப்பில் நீயே போய் நில், வேறு யாரையும் அனுப்பாதே. கண்டக்டர் விசிலடிப்பதற்கு முன்னால் கையைக் கொடுத்து இறக்கு. இடது காலில் இரண்டு விரல் இல்லாததால் அவன் மெதுவாகத்தான் இறங்குவான். அந்த இரண்டு விரலும், நான் ஃபஸ்ட் கிளாஸ் என்று சொல்லிக்கொண்டிருந்த நாட்களில் போனவை.

அப்பா